மங்கை சாப்பிடாத மீன்

என் மனைவி சாப்பிடாத உணவை அவள் சாப்பிட்டதாகப் பதினாறு நாட்கள் நான் எழுதினேன். என் கையெழுத்து அழகானது. யாரும் சந்தேகப்படவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நடந்தது இது. நாங்கள் கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் குடியிருந்தோம். மங்கையர்க்கரசிக்கு ஐம்பத்தெட்டு வயது, எனக்கு அறுபத்திரண்டு. லண்டனில் நான் ஒரு கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து டிக்கெட் கொடுப்பவன். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் இருபத்தாறு வருடங்கள் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. படிப்பறிவு இல்லாத ஒருவர் செய்த பிழை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். வெண்குருதிக் கலங்கள் கிருமியை எப்படி விழுங்கும், கிருமியோடு மோதும் பிறபொருளெதிரி எதனால் ஆனது என்றெல்லாம் கரும்பலகையில் நிறச் சோக்கால் கீறிக் காட்டியவன்தான் இதைச் செய்தேன்.

மங்கைக்குப் பித்தப்பையில் கல். சிறு துளைகள் போட்டு எடுத்துவிடலாம், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் சொன்னார்கள். உள்ளே பார்த்தபோது பை வீங்கிப் பழுதாகியிருந்ததால் வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று. வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தையல். ஐந்தாம் நாள் தையலைச் சுற்றிச் சிவந்தது. ஆறாம் நாள் காய்ச்சல். பஞ்சுக்குச்சியால் காயத்தை ஒற்றிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்ததும் அவளைத் தனியறைக்கு மாற்றிக் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் பிளாஸ்டிக் ஏப்ரனும் கையுறையும் போட வேண்டும். வெளியே போகும்போது அவற்றைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டு, இளஞ்சிவப்பு நிறச் சவர்க்காரத் திரவத்தால் முழங்கை வரை கழுவ வேண்டும்.

அந்தப் பிரிவில் தமிழ் இளம் டாக்டர் ஒருவர் இருந்தார். அமுதா என்று பெயர், திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. அவர்தான் எங்களுக்கு விளக்கினார்.

“இந்தக் கிருமி நிறையப் பேரோட தோல்லயும் மூக்குலயும் சும்மாவே இருக்கும் சார். ஒண்ணும் பண்ணாது. காயம் கிடைச்சா உள்ள போயிடும். வழக்கமா குடுக்கிற மருந்துக்கெல்லாம் இது பழகிப்போச்சு, சாகாது. இதைக் கொல்றதுக்கு எங்ககிட்ட இருக்கிறது கொஞ்சம்தான். அதுல ஒண்ணை டிரிப்ல மெதுவா ஏத்தப் போறோம்.”

அந்த மருந்து சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடியது. அதனால் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அடிக்கடி பார்க்க வேண்டும். தையலைப் பிரித்துவிட்ட காயத்தை மீண்டும் மூடித் தைக்க முடியாது. திறந்தபடியே விட்டு, மருந்தில் நனைத்த நாடா போன்ற துணியை உள்ளே அடைத்து, அடியிலிருந்து சதை தானாக வளர்ந்து நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். “மருந்து கிருமியைப் பாத்துக்கும். குழியை அடைக்கிறது அவங்க உடம்புதான் செய்யணும். நல்லா சாப்பிடணும்” என்றார் அமுதா.

அவர் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை. மாலையில் நான் கோயிலுக்குப் போனேன். பழைய தேவாலய மண்டபம் ஒன்றை வாங்கிக் கோயிலாக்கியிருந்தார்கள். முருகனுக்கு முன்னால் நின்று, மங்கையின் காயம் மூடும்வரை நாங்கள் இரண்டு பேரும் மச்சம் தொடமாட்டோம் என்று நேர்ந்துகொண்டேன். மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் இல்லை. வீட்டில் ஒருவருக்கு நோய், வருத்தமென்றால் இப்படி நேர்வது எங்கள் சனத்தின் வழக்கம். சாதாரண காலத்தில் ஒருவரையும் அது கெடுப்பதில்லை. நான் என் வாயை மட்டும் நேர்ந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திராது.

மறுநாள் காலை மங்கையிடம் சொன்னேன்.

“எனக்கும் சேர்த்தோ நேர்ந்தனீங்கள்?”

“ஓம்.”

“சரி. நேர்ந்தாச்செல்லோ” என்றாள்.

அன்று காலைதான் போலின் என்ற நர்ஸ் ஓர் அட்டையைக் கொண்டுவந்து கட்டில் காலடியில் தொங்கவிட்டார். ஜமேக்காவில் பிறந்தவர், பெருத்த உடம்பு, பெருத்த குரல். மங்கையை ‘டார்லிங்’ என்று மட்டுமே கூப்பிடுவார். ஒவ்வொரு நேரமும் என்ன உணவு வந்தது, அதில் எவ்வளவு சாப்பிட்டாள் என்று அந்த அட்டையில் குறிக்க வேண்டும். ஒன்றுமில்லை, கால், அரை, முக்கால், முழுவதும் என்று கட்டங்கள் இருந்தன. நான் கார் நிறுத்துமிடத்தில் லீவு எடுத்துக்கொண்டு பகல் முழுக்க அங்கேயே இருந்தேன். அதனால், “நீங்கள் வாத்தியார்தானே, நீங்களே எழுதுங்கள்” என்று பேனாவை என்னிடம் தந்தார் போலின். எனக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டது.

மத்தியானம் அரைத்த ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கு மசியலும் வந்தன. மங்கை கிழங்கில் இரண்டு கரண்டி சாப்பிட்டாள். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன சோறும் சொதியும் மூன்று வாய். பேனாவை எடுத்த பிறகுதான் யோசித்தேன். ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினால் காரணம் கேட்பார்கள். நேர்த்தி என்று இவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? விலங்கியல் வாத்தியார் இப்படியோ என்று நினைக்கமாட்டார்களா? மூக்குக்குள் குழாய் விட்டுச் சாப்பாடு கொடுப்பார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். ‘அரை’ என்ற கட்டத்தில் சரி போட்டேன். இறைச்சியைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விட்டேன். இரவு உணவுக்கு ‘முக்கால்’ என்று குறித்தேன். திங்கட்கிழமையிலிருந்து எல்லாமே ‘முழுவதும்’.

சைவ உணவும் கேட்டு வாங்கலாம். கேட்டேன், மக்கரோனியும் சீஸும் வந்தது. அந்த மணத்துக்கே அவளுக்குக் குமட்டியது. ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: சைவச் சாப்பாடு இதில் குற்றவாளி அல்ல. பருப்பும் பாலும் தயிரும் கடலையும் போதிய அளவு சாப்பிட்டால் உடம்பு தேறும். வருத்தத்தில் வாய் கசந்து கிடந்தவள் எதை விரும்பிச் சாப்பிடுவாளோ அதை நான் நிறுத்தினேன். அதற்கு ஈடாக எதையும் அவளுக்குள் போகச் செய்யவில்லை. போனதாக எழுதினேன். அதுதான் குற்றம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மீன் வந்தது. மாவில் தோய்த்துப் பொரித்த மீன், பக்கத்தில் பச்சைப் பட்டாணி. அறை முழுக்க அந்த மணம். மங்கை சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

“இஞ்சருங்கோ, இவையளுக்கு வெள்ளிக்கிழமை எண்டா மீன். எங்களுக்கு வெள்ளிக்கிழமை எண்டா மீன் இல்லை. இந்தக் கடவுள்மார் ஆளையாள் கண்டு கதைச்சு ஒரு முடிவுக்கு வரக்கூடாதோ?”

நானும் சிரித்தேன். பிறகு அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “ஒரு சின்னத் துண்டு தாங்கோவன். வாய்க்கு ஏதோ மாதிரிக் கிடக்கு.”

“நேர்ந்திட்டமப்பா. காயம் மாறட்டும், கிரீன் ஸ்ட்ரீட்டில போய் நல்ல விளைமீனா வாங்கித் தாறன்.”

அவள் மறுபடி கேட்கவில்லை. நான் மீனைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து, கையைக் கழுவி, அட்டையில் ‘முழுவதும்’ என்று குறித்தேன்.

அந்த நாட்களில் எங்களுக்குக் கிடைத்த அன்பையும் சொல்ல வேண்டும். எங்கள் மகள் சுதா கவுன்சிலில் வேலை. வேலை முடிந்து ஓடிவருவாள். ஏப்ரனும் கையுறையும் மாட்டிக்கொண்டு தாய்க்குத் தலை வாரிவிடுவாள். “அம்மா, இந்த மஞ்சள் பை எல்லாத்தையும் சேர்த்தா உங்களுக்கு ஒரு கூறைச் சாறி தைக்கலாம்” என்பாள். ஊர்க்காரர் பலர் தொற்றுக்குப் பயந்து வரவில்லை, அதில் எனக்குக் கோபமில்லை. பக்கத்து வீட்டுக் குஜராத்தி அம்மா மட்டும் எங்கள் வாசலில் சூடான ரொட்டி வைத்துவிட்டுப் போவார். போலின், தன் ஓய்வு நேரத்தில் வந்து மங்கையின் காலுக்கு எண்ணெய் தடவிவிடுவார். டாக்டர் என்றாலும் கை கழுவாமல் காயத்தைத் தொட வந்தால் “முதலில் கையைக் கழுவுங்கள்” என்று நாங்கள் கேட்க வேண்டும் என்று அவர்தான் பழக்கினார். கட்டிலில் குந்தக் கூடாது. டிரிப் ஏறும் இடத்தைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. நித்திரை கொள்ளும் நோயாளியை நலம் விசாரிப்பதற்காக எழுப்பக் கூடாது. நித்திரையில்தான் உடம்பு தன் வேலையைச் செய்கிறது. இவ்வளவையும் நான் அச்சுப் பிசகாமல் கடைப்பிடித்தேன். கதவால் கிருமி வராமல் பார்த்துக்கொண்டிருந்த அதே நேரம், அதை எதிர்த்து நிற்க வேண்டிய உடம்பைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தேன்.

மருந்தில் காய்ச்சல் இறங்கியது. காயம் மட்டும் அசையவில்லை. ஒவ்வொரு காலையும் போலின் உள்ளே அடைக்கும் துணிநாடாவின் நீளத்தை நான் கண்ணால் அளப்பேன். நாளுக்கு நாள் குறைய வேண்டிய நாடா குறையவே இல்லை. காயத்தின் அடி சிவப்பாக வராமல் வெளிறிக் கிடந்தது. கையைத் தூக்கினால் மேற்கைத் தோல் தொங்கியது. மோதிரத்தை நூல் சுற்றி இறுக்கினாள், அப்படியும் கழன்று விழுந்தது.

மீன் வந்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அமுதா என்னை வெளியே கூப்பிட்டார்.

“சார், அவங்க ரத்தத்துல அல்புமின்னு ஒரு புரதம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. தொற்று இருந்தா குறையும்தான். ஆனா இவ்ளோ நல்லா சாப்பிடுறவங்களுக்கு எடை இப்படி இறங்கக் கூடாது. உள்ள எங்கயோ சீழ் கட்டியிருக்கணும், இல்லன்னா குடல்ல வேற ஏதாவது நோய் இருக்கணும். ஸ்கேன்ல தெளிவா தெரியல. செவ்வாய்க்கிழமை வயித்தை மறுபடி திறந்து பாக்கலாம்னு பெரிய டாக்டர் சொல்லிட்டார்.”

“அது ஆபத்தில்லையோ?”

“ஆபத்துதான் சார். இருக்கிற பலத்துக்கு அவங்க தாங்கணும். தொற்று உள்ள இன்னும் பரவலாம். ஆனா வேற வழி இல்ல. சாப்பாட்டுல குறை இல்லையே.”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சனிக்கிழமையும் திறக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் திறக்கவில்லை. அட்டையில் ‘முழுவதும்’ என்று ஆறு தடவை மேலும் குறித்தேன். யாராவது தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள், முருகன் எப்படியாவது நிறுத்துவான் என்று நினைத்தேன். உண்மையில் எனக்கு இருந்தது வெட்கம். ஒரு இளம் டாக்டர் முன்னால், ஒரு நர்ஸ் முன்னால் நான் பொய்யன் ஆவதா என்ற வெட்கம். என் மனைவியின் வயிற்றையும் அந்த வெட்கத்தையும் தராசில் வைத்து இரண்டரை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் எளிமையாக இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை அமுதா சம்மதப் பத்திரத்தோடு வந்தார். நான் பழக்கதோஷத்தில் கையை நீட்டினேன்.

“நான் போடட்டோ டாக்டர்? அவவுக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது.”

“இல்ல சார். அவங்க உடம்பு, அவங்கதான் போடணும். நான் தமிழ்ல சொல்றேன்.” கட்டிலருகே குனிந்து எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். ஆபத்துகளையும் மறைக்கவில்லை.

மங்கை கேட்டாள்: “ஏன் டாக்டர் திருப்பி வெட்டுறியள்?”

“நீங்க மூணு வேளையும் முழுசா சாப்பிடுறீங்க இல்லம்மா? சாரோட சார்ட் பாத்தேன். அப்படியும் இளைக்கிறீங்க. அது ஏன்னு பாக்கணும்.”

மங்கை என்னைப் பார்த்தாள். அட்டையில் நான் என்ன எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அவள் அதுவரை கேட்டதில்லை. அந்த நிமிடத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் கண்ணில் அது வந்து நின்றதை நான் கண்டேன். அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“ஓம் டாக்டர். எல்லாம் சாப்பிடுறனான்தான்” என்றாள்.

பிறகு பேனாவைக் கேட்டு வாங்கினாள். தமிழில் ‘ம’ எழுதி, ‘ங்’ எழுதத் தொடங்கினாள். என் பேர் கெடக்கூடாது என்பதற்காக அவள் இரண்டாம் முறை வயிற்றைக் கொடுக்கப் போகிறாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன்.

“டாக்டர், அவ ஒண்டும் சாப்பிடேல்லை. நான் எழுதினது எல்லாம் பொய்.”

எல்லாவற்றையும் சொன்னேன். நேர்த்தி, கழிப்பறை, மீன், பதினாறு நாட்கள். அமுதா கேட்டபடியே சம்மதப் பத்திரத்தை எடுத்து மடித்தார். முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்: “சார், நீங்க பயாலஜி வாத்தியார்னுதானே சொன்னீங்க?”



அமுதா போய்ப் பெரிய டாக்டரோடு வந்தார். அவர் உயரமான ஆங்கிலேயர். என்னைத் திட்டவில்லை. அறுவைச் சிகிச்சையை இரண்டு வாரம் தள்ளிவைப்போம், முதலில் இந்த அம்மா உண்மையாகச் சாப்பிடட்டும் என்று மட்டும் சொன்னார். போலின் வந்து என் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தானே எடுத்துக்கொண்டார். அதன்பிறகு என்னோடு பேசவில்லை. மங்கையிடம் குனிந்து, “டார்லிங், உலகத்தில் உள்ள எதையும் கேள். இப்போது என்ன சாப்பிட விருப்பம்?” என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். மங்கை யோசிக்கவே இல்லை. “முட்டைப் பொரியல். பச்சை மிளகாய் போட்டு” என்றாள்.

முதல் நாள் அரை முட்டைக்கு மேல் ஏலவில்லை. வயிறு சுருங்கிப்போயிருந்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார்கள். சத்துப் பால், முட்டை, தயிர். சுதாவுக்கு நான் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்காமல் பாத்ரூமுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். மறுநாள் வேலைக்கு லீவு போட்டு, மிளகு, சீரகம், மல்லி சேர்த்துச் சரக்கு அரைத்து மீன் குழம்பு வைத்து ஃபிளாஸ்கில் கொண்டுவந்தாள். பிள்ளை பெற்றவளுக்கும் வருத்தத்தில் கிடந்து எழும்புகிறவர்களுக்கும் எங்கள் ஊரில் கொடுக்கும் குழம்பு அது. ஏப்ரனும் கையுறையும் போட்டுக்கொண்டு, முள் பார்த்துப் பார்த்து நான் ஊட்டினேன்.

“இந்தக் கையுறையோட நீங்கள் ஊட்டேக்க, மாட்டு டாக்குத்தர் மருந்து பருக்கிற மாதிரிக் கிடக்கு” என்றாள் மங்கை.

“வாயைத் திறவும்.”

“திறக்கிறன். முருகன் பாக்கிறாரோ எண்டு ஒருக்கா எட்டிப் பாருங்கோ.”

அவள் சாப்பிடத் தொடங்கிய ஒன்பதாம் நாள் போலின் காயத்துக்குள் அடைக்க நாடாவை வெட்டியபோது ஒரு விரற்கடை மிஞ்சியது. அதை என் கண்முன்னால் தூக்கிக் காட்டினார். அவர் என்னோடு மறுபடி பேசத் தொடங்கியது அன்றுதான். குழியின் அடியில் புதுச்சதை, மாதுளை முத்துப்போல் சிவப்பாகப் பொடிப்பொடியாக எழும்பியிருந்தது. பிறபொருளெதிரி புரதத்தால் ஆனது, புதுச்சதையும் புரதத்தால் ஆனது, எந்த உயர்ந்த மருந்தும் வெறுங்கையோடு நிற்கும் உடம்புக்குப் பாதித்துணைதான் என்று எத்தனை வருடம் படிப்பித்தேன். அந்தச் சிவப்பைக் கண்டபோதுதான் அதை முதல் தடவையாகப் படித்தேன்.

இரண்டு வாரம் முடிந்தபோது அறுவைச் சிகிச்சை தேவையில்லை என்றார்கள். உள்ளே சீழும் இல்லை, வேறு நோயும் இல்லை. பசிதான் இருந்தது. அடுத்தடுத்து மூன்று பரிசோதனைகளில் கிருமி இல்லை என்று வந்ததும் கதவிலிருந்த அறிவித்தலைக் கழற்றினார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் ஏழு வாரம் ஒரு நர்ஸ் வந்து கட்டுப் போட்டார்.

கடைசிக் கட்டை அவிழ்த்து, இனி வரத் தேவையில்லை என்று அந்த நர்ஸ் சொல்லிவிட்டுப் போன அன்று, மங்கையின் முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அதற்கு முன்னும் பல தடவை கேட்டிருந்தேன். “சரி விடுங்கோ” என்று கடந்துவிடுவாள். அன்று விடவில்லை.

“மீனைக் கொட்டினதுக்கு எனக்குக் கோபமில்லை. அட்டையில பொய் எழுதினதுக்குக் கூட இல்லை. நீங்கள் பயந்த சுபாவம், அது எனக்குக் கலியாணம் கட்டின கிழமையே தெரியும்.”

“அப்ப?”

“நேர்த்தி வைக்க முந்தி என்னட்டைக் கேக்கேல்லையே. கேட்டிருந்தால் நான் ஓமெண்டுதான் சொல்லியிருப்பன். உங்களுக்காக ஒரு வருசம் வேணுமெண்டாலும் மீன் தின்னாமல் இருந்திருப்பன். நீங்கள் கேக்கேல்லை. அதுதான் எனக்குக் கோபம். அது போகாது.”

போகவில்லை. அதன்பின் பதினொரு வருடங்கள் என்னோடு இருந்தாள். நல்ல சுகமாக, நிறையச் சிரித்துக்கொண்டு, மீன் சாப்பிட்டுக்கொண்டு இருந்தாள். அவள் இருதயத்தால் போனபோதும் அந்தக் கோபத்தை அவள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை. அது நியாயமான கோபம்.

அந்தப் பதினொரு வருடமும் எல்லாவற்றையும் அவளிடம் கேட்டேன். கோயிலில் அவள் பேருக்கு அர்ச்சனை செய்யட்டோ என்று கேட்டேன். டாக்டரிடம் நானும் உள்ளே வரட்டோ என்று கேட்டேன். போர்வையை இழுத்துவிடட்டோ, ஜன்னலைச் சாத்தட்டோ என்றும் கேட்டேன்.

“ஐயோ, இதையும் கேக்க வேணுமோ? மனிசரை நித்திரை கொள்ள விடுங்கோவன்” என்பாள்.

“அப்ப சாத்தட்டோ, விடட்டோ?”

“சாத்துங்கோ.”

அதன்பிறகுதான் சாத்துவேன்.